ஏழு பேர் கொண்ட ஆய்வு நிலையத்துக்கு எந்த உசாத்துணை மென்பொருள்?

கேள்வி: திருகோணமலையில் உள்ளூர் வரலாறு, கரையோர வாழ்வு பற்றி ஆராயும் சிறு நிலையம் ஒன்றை நடத்துகிறோம். ஆய்வாளர்கள் ஏழு பேர், பகுதிநேர நூலகர் ஒருவர். எழுதுவது தமிழிலும் ஆங்கிலத்திலும். உசாத்துணை, கோப்புச் சேமிப்பு, எழுத்துத் திருட்டைத் தேடும் ஒப்புமைச் சோதனை எல்லாம் அடங்கிய பொதியொன்றை வருடச் சந்தாவுக்குத் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் அளவுக்குச் சொட்டெரோ (Zotero) என்ற உசாத்துணை மென்பொருள் போதும். 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், இலவசம். இணைய இணைப்பு அறுந்தாலும் கணினியில் வேலை நடக்கும். வேர்ட், லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் அடிக்குறிப்பையும் உசாத்துணைப் பட்டியலையும் அமைத்துத் தரும். இதே வேலையைச் செய்யும் மென்டலியும் (Mendeley) இலவசம்தான். ஆனால் அது 2013 முதல் எல்சேவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் கையில். பழைய கணினிப் பதிப்பைப் புதியவர்கள் தரவிறக்குவதை 2022இல் நிறுத்திவிட்டார்கள். அந்த வழியில் சிறு நிலையம் ஒன்றை இழுத்துவிட எனக்கு மனமில்லை.

சொட்டெரோவில் இலவசச் சேமிப்பு 300 எம்பி மட்டுமே. வருடி எடுத்த தமிழ் நூல் ஒன்று 25 எம்பி என்றாலே பன்னிரண்டு நூலோடு இடம் முடிந்துவிடும். நூல் விவரங்களுக்கு இந்த வரம்பு இல்லை, கோப்புகளுக்குத்தான். ஆகவே விவரங்களைக் குழு நூலகத்தில் எல்லோரும் பகிருங்கள். பிடிஎப் கோப்புகளுக்கு எண்ணிட்டு நிலையத்து வன்தட்டில் வைத்து, அந்த எண்ணை ஒவ்வொரு பதிவின் அழைப்பு எண் கட்டத்தில் எழுதுங்கள். குழுவைத் தொடங்கும் கணக்கு நிலையத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஆய்வாளர் ஒருவர் தன் கணக்கில் தொடங்கி, பிறகு வெளிநாடு போய்விட்டால், நூலகத்தின் திறப்பு அவர் சட்டைப்பையில். இன்னொன்று: சொட்டெரோவின் தரவுக் கோப்புறையை கூகுள் டிரைவ் போன்றவற்றுக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் பழுதாகும்.

உண்மையான வேலை தமிழ்ப் பதிவுகளில்தான். தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பியை எடுங்கள். கார்த்திகேசு தந்தை பெயர், அவருடைய பெயர் சிவத்தம்பி. ஒருவர் 'கா. சிவத்தம்பி' என ஒரே துண்டாகவும், மற்றவர் 'சிவத்தம்பி, கா.' என இரண்டாகப் பிரித்தும், இன்னொருவர் ஆங்கிலத்திலும் பதிந்தால் மென்பொருளுக்கு அவர் மூன்று ஆட்கள். பட்டியலில் மூன்று இடத்தில் வருவார். முதல் நாளே ஒரு வழக்கத்தைத் தீர்மானித்துச் சுவரில் ஒட்டுங்கள். பிரிக்க முடியாத பெயர்களுக்கு ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றும் பொத்தான், ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்தது பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத தமிழ் எழுத்துரு. பழைய தட்டச்சுக் கோப்பிலிருந்து தலைப்பை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழும். எழுத்துருவை மாற்றினால் அச்சில் அழகாகத் தெரியும், அதுதான் ஏமாற்று. தேடினால் அகப்படாது, அகரவரிசையிலும் நிற்காது. யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகே உள்ளே விடுங்கள்.

பழைய நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் கிடையாது. ஆகவே ஒரு சொடுக்கில் விவரம் வந்து விழாது, நூலகர் கையால் பதிய வேண்டும். 2005இல் தொடங்கிய, இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் 'நூலகம்' இணையத்தளம் இதற்குப் பெரிய துணை. சில நூல்களில் தமிழ் ஆண்டு மட்டும் இருக்கும். 'விக்கிரம' என்றால் 1880ஆகவும் இருக்கலாம், 1940ஆகவும் இருக்கலாம், அறுபது வருடச் சுற்று. அச்சகத்தையும் தாளையும் பார்த்துத் தீர்மானித்து, ஆங்கில ஆண்டைத் தேதிக் கட்டத்திலும் மூல ஆண்டைக் குறிப்பிலும் இடுங்கள்.

ஒப்புமைச் சோதனைக்காக மட்டும் பொதி வாங்குவது வீண். அது காட்டும் ஒப்புமை வீதம் திருட்டின் அளவு அல்ல: கல்வெட்டு வாசகம் ஒன்றை முழுதாக மேற்கோள் காட்டினாலே எகிறும். உங்களுக்குள் ஒருவர் கட்டுரையை மற்றவர் வாசித்தாலே பாதி பிழை அகப்படும். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் உசாத்துணைகளையோ ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தே சேருங்கள். இல்லாத நூலுக்கும் பக்க எண் சொல்லும்.

ஒரு மாதம் நூலகர் ஐம்பது தமிழ் நூல்களைப் பதிந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகும் பொதி வேண்டும் என்று தோன்றினால், சந்தா நின்ற மறுநாள் எங்கள் பதிவுகள் முழுவதையும் மற்ற உசாத்துணை மென்பொருள்களும் வாசிக்கும் ஆர்ஐஎஸ் கோப்பாக எடுக்க முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.