கூட்டம் போட்டுப் பேசினால் தாய் சேய் மரணம் குறையுமா?

ஏழை நாட்டுக் கிராமங்களில் பெண்களைக் கூட்டிப் பேசுவதால் மட்டும் பிரசவ மரணங்கள் குறைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும், ஆனால் பேசுவது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. அங்கே மருத்துவர் வந்து பாடம் நடத்தவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் கூட்டம் நடத்தினார். படஅட்டைகளை வைத்துப் பெண்களே தங்கள் சிக்கல்களைப் பேசி, வழியையும் கண்டுபிடித்தார்கள். அவசரத்துக்கு எடுக்க ஒரு பொது நிதி, மலைப்பாதையில் கர்ப்பிணியைத் தூக்கிச்செல்ல ஒரு தூக்குப்படுக்கை, சுத்தமான பிரசவத்துக்கான பொருள்கள் அடங்கிய சிறு பை. பச்சிளங்குழந்தை மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

உதிரப்போக்கு நிற்காதபோது மருத்துவமனைக்குப் போகலாமா என்று வீட்டில் யோசிக்கும் நேரமே தாயின் உயிரைக் குடிக்கிறது. அதனால் கணவரையும் மாமியாரையும் விட்டுவிட்டுத் தாய்க்கு மட்டும் சொல்லித்தருவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டாமல், ஈரம் துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து வைப்பதற்குக் காசு தேவையில்லை. ஆனால் கூட்டங்கள் அரிதாக நடந்து, கர்ப்பிணிகளில் சிலர் மட்டுமே வந்தால் பலன் தெரியாது. போய்ச்சேரும் மருத்துவமனையில் மருந்தும் ஆளும் இருக்கவும் வேண்டும்.