ஓவனும் காரகரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லிவர்பூல் கால்பந்து கிளப் பற்றிய குறிப்பில் தடுப்பாட்டக்காரர் ஜேமி காரகரை 'கிளப் லெஜண்ட்' என்று எழுதியிருந்தீர்கள். 737 ஆட்டங்கள் ஆடியவர், சரி. ஆனால் மைக்கேல் ஓவன் அதே கிளப்புக்காக 158 கோல் அடித்தவர். 2001இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் ஆர்சனல் ஜெயிக்கப்போகிறது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் இரண்டு கோல் போட்டுக் கோப்பையைப் பறித்தவர். அதே வருடம் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருதும் வாங்கினார். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? பின்னால் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார் என்ற ஒரே கோபம்தானா?

கோவையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் இல்லை. அந்த 2001 ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஓவன் ஒரு ஜாம்பவான் என்பதில் சந்தேகமே வேண்டாம். தமிழில் பெரிய ஆட்டக்காரரையும் ஜாம்பவான் என்கிறோம், கிளப் லெஜண்டையும் ஜாம்பவான் என்கிறோம். குழப்பம் அங்கேதான் வருகிறது. ஒரு ஆட்டக்காரர் எவ்வளவு பெரியவர் என்பதை யாரும் எங்கிருந்தும் சொல்லலாம். அவர் அந்த கிளப்பின் லெஜண்டா என்பதை மட்டும் அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல முடியும்.

ஓவனும் காரகரும் ஒரே நாற்றங்காலில் வளர்ந்தவர்கள். 1996இல் லிவர்பூல் இளைஞர் கோப்பையை வென்றபோது இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். காரகரிடம் ஓவனின் வேகத்தில் பாதிகூட இல்லை. மொத்தமாக அடித்த கோல்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 1999இல் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில், அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் இரண்டு சேம்சைட் கோல் போட்டவர் அவர். லிவர்பூல் 2-3 என்று தோற்றது. அந்த ராத்திரி அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. அப்புறமும் இடது பக்கம், வலது பக்கம், நடுவில் என்று எங்கே நிறுத்தினாலும் நின்றார்.

2004இல் ஓவன் ரியல் மாட்ரிட் போனார். தப்பில்லை, யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் அடுத்த மே மாதமே இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் வந்தது. இடைவேளையில் மிலான் 3-0. ஆறு நிமிடங்களுக்குள் மூன்று கோல் திருப்பி, கடைசியில் பெனால்டியில் லிவர்பூல் கோப்பையை வென்றது. கூடுதல் நேரத்தில் காரகர் கால் தசை பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார், எழுந்தார், அடுத்த பந்துக்கும் அதே காலைத்தான் நீட்டினார். லிவர்பூல்காரர்களுக்கு அந்த இரவை நினைத்தாலே காரகரின் அந்தக் கால்தான் கண்ணுக்கு வரும். ஓவன் அந்த நினைவில் இல்லை. யுனைடெட்டுக்கு அவர் போனது 2009இல். எனக்கென்னவோ விரிசல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

அப்படியானால் போகாமல் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். லிவர்பூல் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்டே 2005இல் லண்டன் கிளப்பான செல்சிக்குப் போக விருப்பக் கடிதம் கொடுத்தார். ரசிகர்கள் அவர் பெயர் போட்ட ஜெர்சியைக் கொளுத்தினார்கள். மறுநாளே மனம் மாறித் தங்கினார். 2014இல் லீக் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அதே செல்சிக்கு எதிராகத்தான் வழுக்கி விழுந்தார். கடைசி வரை லீக் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வழுக்கலையும் சேர்த்துத்தான் ஊர் அவரைத் தன் பிள்ளை என்கிறது.

உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. லிவர்பூலின் இன்னொரு லெஜண்ட் கென்னி டால்கிளிஷ், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர். 1977இல் லிவர்பூல் நட்சத்திரம் கெவின் கீகன் ஹாம்பர்க் கிளப்புக்குப் போய்க் காலியான இடத்துக்கு செல்டிக் கிளப்பிலிருந்து வந்தவர். கோல்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், எல்லாம் உண்டு. ஆனால் 1989 ஏப்ரல் 15 வேறு. ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ஆட்டத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் 97 ரசிகர்களின் உயிர்கள் போயின. ஜெரார்டின் உறவுக்காரச் சிறுவன் ஒருவனும் அதில் போனான், வயது பத்து. அப்போது லிவர்பூல் மேலாளராக இருந்த டால்கிளிஷ் பல குடும்பங்களைச் சந்தித்தார், பல இறுதிச் சடங்குகளுக்குப் போனார். ஒரே நாளில் நான்குக்குப் போன நாளும் உண்டு. 2017இல் ஆன்ஃபீல்டின் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அது கோல்களுக்காக மட்டும் வைத்த பெயர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஓவனுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. அவருக்கு அப்படி ஒரு நாள் அந்த ஊரோடு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

காரகரின் கடைசி ஆட்டம் 2013 மே மாதம், ஆன்ஃபீல்டில், குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக. இரண்டாம் பாதியில் தூரத்திலிருந்து ஓங்கி ஒரு ஷாட் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னமும் ஆதங்கம்தான்.