வெடித்த பலகையும் நகாஷிமா டீப்பாயும்: கேள்வி பதில்

கோத்தகிரியில் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமாவின் பாணியில் டீப்பாய் செய்ய ஆசைப்பட்டு நம் மலைக்காரர்கள் கேட்டவை இவை.

குன்னூர்: அண்ணா, தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக்கை அறுத்துக் காய வைத்திருக்கிறோம். நடுவே பெரிய வெடிப்பு. அதை அறுத்தெடுத்துவிட்டு ஒட்டலாமா?

அந்த வெடிப்பைத் தொடாதீர்கள். நகாஷிமாவாக இருந்தால் முதலில் அந்தப் பலகையைத்தான் எடுத்திருப்பார். வெடிப்பை மறைக்காமல், மேற்கொண்டு விரியாதபடி குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் கட்டை பதிப்பது அவர் வழக்கம். கட்டையின் இடுப்பு வெடிப்பின் மேல் உட்கார வேண்டும். அதன் நார் வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். வெடிப்போடு சேர்ந்து ஓடினால் இடுப்பில் முறிந்துவிடும். முதலில் கட்டையைச் செய்து முடியுங்கள். அதைப் பலகை மேல் வைத்துக் கத்தியால் கீறிக்கொண்டு, அப்புறம் உளியை எடுங்கள். பலகைக் கனத்தில் பாதி ஆழம் போதும். கட்டைக்குக் கெட்டியான மரம் வேண்டும். நான் உடைந்த பழைய ஈட்டி மரக் கட்டில் கால்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

உதகை: அவர் புதுச்சேரியில் இருந்தவராமே?

ஆமாம். அமெரிக்காவில் 1905இல் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர், கட்டிடக்கலை படித்தவர். 1930களில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட வந்தார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளிக்காரர்களோடு அவரையும் முகாமில் அடைத்தது. ஜப்பானியத் தச்சு நுணுக்கங்களை அங்கே இருந்த ஒரு தச்சரிடம் கற்றுக்கொண்டார்.

கொடைக்கானல்: வெடிப்பில் நீல எபாக்சி பிசின் ஊற்றினால் ஆறு மாதிரி அழகாக இருக்குமே?

இருக்கும். ஆனால் அது வேறு கடைச் சரக்கு.

கூடலூர்: பலகை எத்தனை நாள் காய வேண்டும் ஐயா?

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் மூடுபனிக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டுமுனைகளில் பெயின்ட் அடித்து, பலகைகளுக்கு நடுவே ரீப்பர் வைத்து, நிழலில் அடுக்குங்கள். என் முதல் டீப்பாயை அவசரமாக மழைக்காலத்தில் முடித்துக் கோவைக்கு அனுப்பினேன். சித்திரை வெயிலில் பிளந்துவிட்டது. ஈரப் பலகை ஒரு தப்பு. அது சுருங்க இடமில்லாமல் கால்களை இறுக்கித் திருகியது இன்னொன்று. இப்போதெல்லாம் திருகு ஓட்டையை நாருக்குக் குறுக்குவாக்கில் நீளமாகத்தான் போடுகிறேன்.

கோத்தகிரி: ஓரத்தில் பட்டையை விடலாமா?

உரித்துவிடுங்கள். அடியில் பூச்சி இருக்கும், பட்டையும் நாளடைவில் உதிரும். ஓரத்தின் வளைவு மட்டும் அப்படியே இருக்கட்டும்.

குன்னூர்: தேயிலை வேர்க்கட்டையைக் காலாக வைத்தால்?

மேலே பலகை பேசும்போது கீழே வேரும் பேசினால் சந்தைக்கடைதான். நேரான, எளிய கால் போதும்.

கூடலூர்: நிற்கிற மரத்தை வெட்டலாமா?

1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி வாங்காமல் கோடாரியைத் தொடாதீர்கள். டீப்பாய்க்கு விழுந்த மரமே தாராளம்.