கீமோவை நிறுத்திவிட்டு நானோ மருந்துக்குப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று. நோய் பரவி நுரையீரலிலும் இரண்டு சின்னப் புள்ளிகள் தெரிகின்றன. வேலூரில் இரண்டு கீமோ முடிந்துவிட்டது. சாப்பாடே இறங்கவில்லை. கொழுப்பு நானோ துகளில் மருந்து வந்திருக்கிறது, பக்கவிளைவே இல்லை என்கிறார்கள். அதற்கு மாறலாமா?
– ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: கீமோவை நிறுத்தாதீர்கள். தேதியையும் தள்ளிப் போடாதீர்கள்.

நானோ துகள் பொய்யில்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு கொழுப்பு உருண்டை, உள்ளே மருந்து. ஃபைசர் கொரோனா தடுப்பூசி அப்படிப்பட்டதுதான். (நம் பக்கம் போட்ட கோவிஷீல்டு அந்த வகையல்ல.)

உங்கள் மகனுக்குச் சிவப்பாக ஒரு மருந்து ஏறியிருக்கும். அப்புறம் சிறுநீரும் சிவக்கும். ரத்தம் போகிறது என்று பதறி ஓடிவரும் அம்மாக்கள் உண்டு. அதுதான் டாக்ஸோரூபிசின். இதயத்தைப் பலவீனமாக்கக் கூடியது என்பதால்தான் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். அதையே கொழுப்பு உறைக்குள் வைத்த மருந்துக்கு அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி கிடைத்தது. இதயத்துக்குத் தொல்லை குறைவு, ஆனால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரியலாம். அதுவும் வேறு புற்றுநோய்களுக்கு வந்த மருந்து.

எலும்புப் புற்றுக்கென்றே வந்தது மிஃபாமுர்டைட். 2009-ல் ஐரோப்பா ஏற்றது, அமெரிக்கா ஏற்கவில்லை. கொழுப்பு உறையில் போய், நுரையீரலில் உள்ள காவல் செல்களைத் தட்டி எழுப்பும். ஆனால் நோய் பரவாதவர்களுக்கு, கட்டியை முழுதாக எடுத்த பிறகு, கீமோவோடு சேர்த்துத்தான் அனுமதி. எடெல்ஃபோசின் என்ற மருந்தைக் கொழுப்புத் துகளில் வைத்து எலிகளுக்குக் கொடுத்ததில் நுரையீரல் பரவல் குறைந்தது. எலிகளில்தான். பொதுவாக இந்தத் துகள்களில் பெரும்பங்கு கல்லீரலிலேயே தங்கிவிடுகிறது. எலும்புக்குக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: 'நுரையீரல் புள்ளிகளை ஆபரேஷனில் எடுக்க முடியுமா?' இரண்டே புள்ளிகள் என்றால் அது நல்ல கேள்வி. முழுதாக எடுக்க முடிந்த சிலர் குணமாகியும் இருக்கிறார்கள். வாந்திக்கும் பசிக்கும் மருந்தை மாற்றித் தரலாம், கூச்சப்படாமல் சொல்லுங்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள்.

காலில் எண்ணெய் போட்டு நீவவோ, கட்டுப் போடவோ யாரையும் விடாதீர்கள். அரித்த எலும்பு சட்டென்று முறியும். கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியே வண்டி பிடியுங்கள்.