பி செல் தன் டிஎன்ஏவையே வெட்டுமா? கேள்வி பதில்

கவிதா: அக்கா, நம்மகிட்ட இருக்கிற ஜீனே 20,000 சொச்சம். கோடிக்கணக்கில் ஆன்டிபாடி எப்படி?

பதில்: கிருமியைப் பிடிக்கிற புரதமான ஆன்டிபாடிக்கு முழு ஜீன் கிடையாது கவிதா, துண்டுகள்தான். ஆன்டிபாடியில் கனமானது, லேசானது என இருவகைப் புரதச் சங்கிலிகள். கனமான சங்கிலிக்கு 14ஆம் குரோமோசோமில் வி, டி, ஜே என மூன்று வகைத் துண்டுகள்: வி சுமார் 40, டி 23, ஜே 6. ஆன்டிபாடி செய்கிற வெள்ளணுதான் பி செல். எலும்பு மஜ்ஜையில் வளரும் ஒவ்வொரு பி செல்லும் வகைக்கு ஒன்றை எடுத்து ஒட்டிக்கொள்ளும். பெருக்கிப் பாருங்க: 5,520. லேசான சங்கிலியையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். கோடிகள் வருவது ஒட்டுகிற இடத்தில், கீழே சொல்றேன்.

ரஃபீக்: மேடம், இது ஆர்என்ஏ ஸ்ப்ளைசிங்தானே?

பதில்: இல்லை. ஸ்ப்ளைசிங்னா டிஎன்ஏவின் நகலான ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுவது. இங்கே டிஎன்ஏவே வெட்டுப்படுது. 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஹொசுமி, டோனெகாவா என்ற இரு விஞ்ஞானிகள் எலிக் கருவின் டிஎன்ஏவையும், ஆன்டிபாடி சுரக்கும் எலிக் கட்டியின் டிஎன்ஏவையும் ஒரே நொதியால் நறுக்கினாங்க. கருவில் ஆன்டிபாடியின் மாறும் பகுதியும் மாறாத பகுதியும் தனித்தனித் துண்டில் கிடந்தன. கட்டியில் ஒரே துண்டில், அதாவது டிஎன்ஏவே வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. டோனெகாவாவுக்கு 1987 நோபல், பங்காளி இல்லாமல்.

மீனா: எங்கே வெட்டணும்னு எப்படித் தெரியும்?

பதில்: ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் 7 டிஎன்ஏ எழுத்து, 9 எழுத்து என இரு அடையாளங்கள். நடுவே 12 அல்லது 23 எழுத்து இடைவெளி. வெட்டுகிற ராக் நொதி 12 இடைவெளி உள்ளதை 23 உள்ளதுடன் மட்டுமே சேர்க்கும். கனமான சங்கிலியில் வி, ஜே இரண்டுக்கும் 23. டிக்கு இருபுறமும் 12. அதனால் டியைத் தாண்டி வி நேரே ஜேயில் போய் ஒட்டாது. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

செந்தில்: ஒட்டும்போது பிசகாதா?

பதில்: பிசகணும், அதுதான் லாபமே! வெட்டின முனையில் சில எழுத்துகள் உதிரும். டிடிடி என்ற நொதி எந்த மூலப்பிரதியும் பார்க்காமல் இஷ்டத்துக்குப் புது எழுத்துகளைச் சொருகும். மும்மூன்றாக வாசிக்கிற மொழி என்பதால் மூன்றில் இரண்டு ஒட்டுகள் வாசிப்பே கலைந்து வீணாகும். அப்போ ஜோடிக் குரோமோசோமில் இன்னொரு வாய்ப்பு. அதுவும் தவறினால் செல் சாகும்.

ஜெயந்தி: தடுப்பூசி போட்டால் மறுபடி வெட்டுமா?

பதில்: ராக் அதற்குள் ஓய்ந்திருக்கும். அப்போது எழுத்துகளை மாற்றுவது எய்ட் (AID) என்ற வேறு நொதி.

அன்வர்: ராக் பழுதானால்?

பதில்: டி செல் (T) என்ற இன்னொரு வகை வெள்ளணுவுக்கும் அதுதான் கத்தரிக்கோல்; மேலே சொன்ன டி துண்டு (D) வேறு. இரண்டு செல்லும் இல்லாத குழந்தைக்குச் சாதாரணத் தொற்றே உயிருக்கு ஆபத்து. ஸ்டெம் செல் மாற்று தேவைப்படும். வெட்டி வீசிய டிஎன்ஏ வட்டமாகச் சுருண்டு செல்லுக்குள்ளேயே கிடக்கும். பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, டி செல்லில் கிடக்கும் அந்த வட்டங்களைத்தான் எண்ணுறாங்க. வட்டமே இல்லையென்றால் உடனே டாக்டருக்குத் தகவல் போகும்.