ஐஎஸ்ஓ ஏத்துனா படம் கெட்டுடுமா?

அண்ணா வணக்கம். போன மாசம் எங்க ஊர்ல நைட் கபடி டோர்னமெண்ட். ஃப்ரெண்டோட கேமராவும் 55-250 லென்ஸும் வாங்கிட்டுப் போய் முந்நூறு படம் எடுத்தேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற நம்பர்) 400ஐ தாண்டினா புள்ளி புள்ளியா வரும்னு சொன்னாங்க, அதனால 400லயே வச்சு, லென்ஸ் துவாரம் எஃப் 5.6, ஷட்டர் திறந்திருக்கறது 1/60 செகண்ட். ஒண்ணுல கூட ஆள் தெளிவா இல்ல, எல்லாம் ஆவி மாதிரி இருக்கு. வேற நல்ல கேமரா வாங்கணுமா?
— கபடி ரசிகன், உசிலம்பட்டி பக்கம்

தம்பி,

கேமரா மேல தப்பே இல்ல, அந்த 1/60தான் வில்லன். பாடிப் போறவர் காலை வீசித் தொடுற வேகத்துக்கு கொறஞ்சது 1/500 வேணும். லென்ஸ்ல ஸ்டெபிலைசர் இருக்கேன்னு கேப்பீங்க, அது உங்க கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், அவர் காலைப் பிடிக்காது. 1/60லேருந்து 1/125, 1/250, 1/500னு மூணு படி ஏறுனா ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும், அதை சரிக்கட்ட ஐஎஸ்ஓவும் 800, 1600, 3200னு மூணு படி ஏறணும். அவ்ளோதான் கணக்கு, 3200ல எடுத்திருக்கணும்.

இந்த 400 பயம் ஃபிலிம் காலத்து மிச்சம்னு நினைக்கிறேன். அப்ப வேகமான ஃபிலிம்னா, அதாவது கொஞ்ச வெளிச்சமே போதும்ங்கற ஃபிலிம்னா, நிஜமாவே அதுல பெரிய மணி மணியா இருக்கும், ஒரு ரோல்ல இருக்கற 36 படமும் அதே ஃபிலிம்லதான் எடுத்தாகணும். (அந்த வேகத்தை ஃபிலிம் டப்பால 100/21°ன்னு போட்டிருக்கும், 100 அமெரிக்காக்காரன் அளவு ஏஎஸ்ஏ, 21 ஜெர்மன்காரன் அளவு டின், 1974ல ரெண்டையும் சேர்த்துதான் ஐஎஸ்ஓன்னு ஆக்குனாங்க. பழைய ஸ்டூடியோக்காரங்க இன்னும் ஏஎஸ்ஏன்னுதான் சொல்வாங்க.) டிஜிட்டல்ல நீங்க என்ன நம்பர் வச்சாலும் வெளிச்சத்தை வாங்கற சென்சார் அதே சென்சார்தான், விழுந்த வெளிச்சத்தை எவ்ளோ பெருக்கிக் காட்டணும்ங்கறதை மட்டும்தான் ஐஎஸ்ஓ சொல்லுது.

அப்ப புள்ளி எங்கேருந்து வருது? தூறல் ஆரம்பிக்கறப்ப சிமெண்ட் தரையைப் பாத்திருப்பீங்க, ஒரு இடத்துல நாலு துளி, பக்கத்துல ஒண்ணுமே இல்ல, திட்டுத்திட்டா இருக்கும், அதுவே கொட்டித் தீர்த்துட்டா தரை முழுக்க ஒரே ஈரம். வெளிச்சமும் துளித்துளியாத்தான் சென்சார்ல விழுது. கம்மியா விழுந்தா திட்டு. ஐஎஸ்ஓ அந்தத் திட்டை கண்ணுக்குக் காட்டிக்குடுக்குது, பழி மட்டும் அதும்மேல.

சரி 400லயே இருட்டா எடுத்துட்டு அப்புறம் மொபைல்ல ப்ரைட் பண்ணிக்கலாமேன்னா, பண்ணலாம், ஆனா அதே புள்ளி அங்கயும் வந்து நிக்கும், ஜேபெக்னா (சுருக்கி சேவ் பண்ற ஃபைல்) இன்னும் மோசமா வரும். ஐஎஸ்ஓ ஏத்தறதுல நிஜமான நஷ்டம் ஒண்ணு இருக்கு, வெள்ளை ஜெர்சி, ஃப்ளட் லைட் மாதிரி பளிச்னு இருக்கறதெல்லாம் சீக்கிரமே வெந்து வெள்ளையாயிடும். அதனால தேவைக்கு மேல ஏத்த வேணாம்.

நானே சித்தப்பா பையன் கல்யாணத்துல 200லயே பிடிவாதமா நின்னு, தாலி கட்டற படத்துல தாலி எங்க இருக்குன்னே தெரியாம எடுத்துக் குடுத்து இன்னிக்கு வரைக்கும் பேச்சு வாங்கறேன். புள்ளியைப் பாத்து ஒருத்தரும் திட்ட மாட்டாங்க தம்பி, போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட்ல அது தெரியவே தெரியாது, வேணும்னா சாஃப்ட்வேர்ல கொறச்சுக்கலாம். ஆடிப்போன முகத்தை அப்படி சரி பண்ண முடியாது.

அடுத்த மேட்ச்சுக்கு மேனுவல் மோட்ல 1/500, எஃப் 5.6 வச்சுட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோல விட்டு, மேக்சிமம் 6400ன்னு கட்டுப்போட்டுடுங்க. இன்னொரு விஷயம், சில படம் இருட்டா, சில படம் கலர் மாறி வந்தா பயப்படாதீங்க, நம்ம கரண்ட்ல நிறைய லைட்டு செகண்டுக்கு 100 தடவை ஏறி எறங்கும், 1/500ல அந்த எறக்கம் மாட்டிக்கும். மெனுல ஆன்ட்டி ஃப்ளிக்கர் இருந்தா ஆன் பண்ணுங்க. ஃப்ளாஷ் மட்டும் அடிக்காதீங்க, பாடறவர் கண்ணு கூசிச்சுன்னா உங்களைத்தான் கோட்டுக்கு வெளிய தூக்கிப் போடுவாங்க.

காசு செலவு பண்ணியே ஆகணும்னா கேமரா வேணாம், 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு வாங்குங்க. எஃப் நம்பர் கொறஞ்சா துவாரம் பெருசு, அதனால 5.6ஐ விட கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள விடும், 3200 கேட்ட இடத்துல 320, 400 போதும். ஜூம் கிடையாது, ஆனா கபடி கோர்ட்டே 13 மீட்டர் நீளம்தான், கோட்டோரமா தரையில உக்காந்துட்டீங்கன்னா பாடி வர்றவர் உங்க மடிமேலதான் வந்து விழுவாரு.