ரெட் ஆக்சைடா, எபாக்ஸியா? பழைய கார் பெயிண்டிங் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றித்தான். ஹெரால்டு, அம்பாசிடர், பத்மினி என்று எல்லாமே நம் தெருக்களில் ஓடிய வண்டிகள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்பா வாங்கிய 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டை முழுசாகப் பிரித்து வேலை பார்க்கிறோம். டிங்கரிங் முடிந்து தகடு வெறும் இரும்பாக நிற்கிறது. ஒரு பெயிண்டர் ரெட் ஆக்சைடு போதும் என்கிறார், இன்னொருவர் எட்ச் பிரைமர்தான் பிடிக்கும் என்கிறார், நண்பர் ஒருவர் எபாக்ஸியைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது சார்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நண்பர் பேச்சைக் கேளுங்கள். மூன்றுமே பெயிண்டுக்கு அடியில், தகட்டின் மேல் முதலில் அடிக்கிற பிரைமர்கள்தான்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி. காருக்கு மேலே அடிக்கப்போவது ஹார்ட்னர் (பெயிண்டை இறுக வைக்கிற திரவம்) கலந்த பியு, அதாவது பாலியூரித்தேன் பெயிண்ட், அதில் இருக்கிற தின்னர் கடுமையானது, அது ரெட் ஆக்சைடுக்குள் இறங்கி அதைக் கிளப்பிச் சுருங்க வைத்துவிடும். அன்றைக்கே சுருங்காமல் தப்பினாலும் ஈரத்தைத் தடுக்கிற விஷயத்தில் அது எபாக்ஸிக்குப் பக்கத்தில் வராது.

எட்ச் பிரைமர் மோசமான பொருள் இல்லை. அதில் இருக்கிற பாஸ்பாரிக் அமிலம் இரும்பைக் கொஞ்சம் அரித்துப் பிடித்துக்கொள்ளும், அலுமினியத்தில்கூட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது மிக மெல்லிசான பூச்சு, தனியாக ஈரத்தைத் தாங்காது. அதன் மேல் நேரடியாகப் பட்டி வைக்கக் கூடாது. பல கம்பெனிகளின் எபாக்ஸியையும் அதன் மேல் அடிக்கக் கூடாது, மிச்சமிருக்கிற அமிலம் எபாக்ஸியின் ஹார்ட்னரைக் கெடுத்துவிடும். ரெண்டையும் அடித்தால் ரெட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கடைசியில் தாள் தாளாக உரிந்து வரும்.

எபாக்ஸி வெறும் இரும்பில் நேராக உட்காரும், ஈரத்தை அடைக்கும், அதன் மேலேயே பட்டி வைக்கலாம், வெல்டிங் ஜாயின்ட்டுகளின் இடுக்கை அடைக்கிற சீம் சீலரும் அதன் மேல்தான் போட வேண்டும். ஒரே நிபந்தனை, அடியில் இருக்கிற இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும். 80 அல்லது 120 நம்பர் தாளில் தேய்த்துச் சொரசொரப்பு கொடுங்கள், பளபளவென்று வழுக்குகிற இரும்பில் எதுவும் பிடிக்காது. அப்புறம் கிரீஸ் ரிமூவரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். அதற்குப் பிறகு வெறும் கையால் தகட்டைத் தொடவே கூடாது. தேய்த்த அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும், ராத்திரி முழுக்க விட்டால் மறுநாள் காலையில் கண்ணுக்குத் தெரியாத துரு உட்கார்ந்திருக்கும்.

துரு எடுக்கிற அமிலத் திரவம் எதையாவது பூசியிருக்கிறீர்களா? அப்படியானால் அதை முழுசாகக் கழுவி, உலர்த்தி, மறுபடி தேய்த்த பிறகுதான் எபாக்ஸி. கலந்த எபாக்ஸியை எத்தனை நிமிஷம் வைத்திருந்து அடிக்க வேண்டும், அடித்தபின் எத்தனை நாளுக்குள் தேய்க்காமல் அடுத்த கோட் போடலாம் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேட்டா ஷீட் ஒன்று உண்டு, டப்பா வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிரைமர், சர்ஃபேசர், பெயிண்ட், ஹார்ட்னர், தின்னர் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்கிற ஐந்நூறு ரூபாய்க்கு மதிப்பே இல்லை.

ஹெரால்டுக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். அதன் பாடி தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்து, பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. முடுக்குவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சேர்க்கை விளிம்புக்கும் எபாக்ஸி ஏற வேண்டும், முடுக்கிய பிறகு அங்கே ஸ்பிரே கன் போகாது. கதவின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிகிற துளைகளைப் பட்டி அடைத்திருக்கிறதா பாருங்கள். பெயிண்ட் வேலையெல்லாம் முடிந்ததும் கதவு உள்பக்கத்திலும், கதவுக்குக் கீழே ஓடுகிற சில் (sill) என்கிற பகுதிக்குள்ளேயும் கேவிட்டி வேக்ஸ் (உள்கூடுகளில் அடிக்கிற மெழுகு) அடித்துவிடுங்கள், இந்த வண்டியில் துரு பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் வெளியே வரும்.

கேள்வி: போன வருஷம் என் பத்மினிக்கு முழு பெயிண்ட் அடித்தேன். ஒரு மழைக்காலம்தான் தாண்டியது, பானெட்டிலும் கதவுகளிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பெயிண்ட் சரியில்லை என்று பெயிண்டர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, திருவான்மியூர்

பதில்: பெயிண்ட் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை அம்மா, தண்ணீர் மேல்தான் சந்தேகம். ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தாலோ அடியில் பழுப்பாக இருந்தாலோ விஷயம் உறுதி.

நம் பட்டறைகளில் பட்டியை வாளித் தண்ணீர் வைத்து வாட்டர் பேப்பரால் தேய்ப்பதுதான் வழக்கம், தூசி பறக்காது, கைக்கும் சுகம். ஆனால் பாலியெஸ்டர் பட்டி டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி தண்ணீரைக் குடிக்கும். மேலே காய்ந்துவிட்டது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும், அதை மூடி சர்ஃபேசரும் பெயிண்டும் ஏறிவிடும். உங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே தங்கும், அந்த உப்பு மழைக்கால ஈரத்தைப் பெயிண்ட் வழியாக உள்ளே இழுத்துக் கொப்புளமாக்கும். பட்டியை உலர் தாளில்தான் தேய்க்க வேண்டும், மூக்குக்குத் துணி கட்டாமல் நல்ல டஸ்ட் மாஸ்க் போட்டுக்கொண்டு.

இன்னொரு காரணமும் இருக்கலாம். வண்டி சாம்பல் கலர் சர்ஃபேசரோடு வெளியே வாரக்கணக்கில் நின்றதா? சர்ஃபேசர் பள்ளம் மேடு நிரப்பித் தேய்ப்பதற்கான பூச்சு, அது ஈரத்தை உள்ளே விடும். அந்த நிலையில் வண்டி ஒரு மழையில் நனைந்திருந்தால்கூடப் போதும்.

மேலாகத் தேய்த்து இன்னொரு கோட் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி வரும். கொப்புளம் வந்த பேனல்களை இரும்பு வரை உரித்து எபாக்ஸியிலிருந்து ஆரம்பிப்பது தவிர வழி இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்குச் செய்கிற நல்லது ஆகாது.

கேள்வி: அம்பாசிடரின் பழைய பெயிண்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் உரித்தே ஆக வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசியமில்லை, அது என்ன பெயிண்ட் என்பதைப் பொறுத்தது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியை மறைவான ஓர் இடத்தில் அரை நிமிஷம் அழுத்தி வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கலர் கரைந்து துணியில் வந்தால் அது பழைய என்.சி. பெயிண்ட். சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகவில்லையென்றால் ஹார்ட்னர் கலந்த பெயிண்ட், அதைத் தேய்த்துவிட்டு அதன் மேலேயே வேலை செய்யலாம். முதல் இரண்டும் என்றால் உரித்துவிடுவதே நிம்மதி. அப்புறம், பெயிண்டின் கனம் அளக்கிற கருவி யாரிடமாவது இருந்தால் வாங்கி வைத்துப் பாருங்கள். 100, 150 மைக்ரான் என்றால் நல்லது. 500க்கு மேல் காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது, அல்லது கோட் மேல் கோட்டாக ஏற்றியிருக்கிறார்கள்.

பழைய மஞ்சள், சிவப்பு பெயிண்ட்களில் ஈயம் இருந்திருக்கலாம். தேய்க்கிற தூசி வீட்டுக் குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் படக் கூடாது.

கேள்வி: ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்றால் டூகோதான் அடிக்க வேண்டும் என்கிறார்கள். பியு அடித்து மேலே கிளியர் கோட் போட்டால் நன்றாகப் பளபளக்குமே, அது தப்பா?
– வாசகர், மதுரை

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கலர் இல்லாத அந்த மேல்பூச்சை, கிளியர் கோட்டை, நான் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

டூகோ என்பது மேலே சொன்ன என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்தது, ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1924 மாடல் ஓக்லாண்ட் கார்களில் நீல நிறத்தில் அடித்தது. அதற்கு முன்னால் ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். தின்னர் பறந்ததும் இது காய்ந்துவிடும், அதுதான் இதன் பலம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது, எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் மறுபடி கரையும், வெயிலில் வெளுக்கும், கனமாக அடித்தால் விரிசல் விடும், காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். ஆனாலும் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தபின் அதில் வருகிற மென்மையான மினுமினுப்பு வேறு எதிலும் வராது, கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் சேர்த்து அடித்துக் கலக்கவும் முடியும். கண்காட்சிக்கு மட்டும் போகிற, ஷெட்டிலேயே நிற்கிற வண்டி என்றால் தாராளமாக அதையே அடியுங்கள்.

குடும்பத்தோடு ஓட்டப்போகிற வண்டிக்கு என் தேர்வு சிங்கிள் ஸ்டேஜ் பியு. கலரும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும், கிளியர் வேண்டாம். 1960களில் இந்த வண்டிகள் ஆலையிலிருந்து வந்தபோது வெள்ளை, கறுப்பு, சாம்பல் மாதிரியான கலர்களின் மேல் கிளியர் எதுவும் கிடையாது. கிளியர் போட்டால் கண்ணாடி உறை மாட்டினது போல ஆகிவிடுகிறது, பழைய காரின் முகமே மாறிவிடுகிறது, எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். சிங்கிள் ஸ்டேஜை நன்றாகக் காய்ந்தபின் 2000 நம்பர் தாளில் தேய்த்து பாலிஷ் செய்யுங்கள், போதும். மெட்டாலிக் கலர் என்றால் மட்டும் பேஸ் கோட்டும் கிளியரும் தேவைப்படும்.

கேள்வி: என் 1972 வண்டியின் நிஜக் கலர் என்னவென்றே தெரியவில்லை. நாலு தடவை அடித்திருக்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: டாஷ்போர்டுக்கு அடியில், கதவு ரப்பரைப் பிரித்தால் அதன் கீழே, டிக்கி அட்டைக்குப் பின்னால், கிளவ் பாக்ஸைக் கழற்றினால் தெரிகிற தகட்டில் தேடுங்கள். மறுபடி அடித்தவர்கள் அவ்வளவு தூரம் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். கிடைத்த இடத்தை லேசாகக் காம்பவுண்டால் தேய்த்துவிட்டு, கலர் கலக்குகிற கடையில் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் சொல்வதை அப்படியே நம்பி அடித்துவிடாமல், ஒரு தகட்டுத் துண்டில் அடித்துக் காய வைத்து வெயிலில் ஒப்பிடுங்கள். டியூப் லைட் வெளிச்சம் ஏமாற்றும்.

கேள்வி: வீட்டு ஷெட்டிலேயே நானே பியு அடிக்கலாமா? நவம்பரில் லீவு இருக்கிறது.
– வாசகர், சென்னை

பதில்: நவம்பர் வேண்டாம். பியு ஹார்ட்னர் தண்ணீரோடு சேர்ந்தால் குமிழி விடும், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கம்ப்ரசர் குழாயிலேயே தண்ணீர் சேரும். பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள், அப்போதும் குழாயில் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற வாட்டர் டிராப் இல்லாமல் அடிக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது உங்கள் நுரையீரல். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரும், அது வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் முழு நம்பிக்கைக்குரியது இல்லை, அது எப்போது தீர்ந்துபோகிறது என்று வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வருகிற முகக்கவசம், கை கால் மூடிய உடை, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் புகை போகாத இடம் இந்த மூன்றும் இல்லையென்றால், எபாக்ஸிக்கு முன்னாலான தேய்க்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள், அடிக்கிற வேலையை பூத் (பெயிண்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறை) இருக்கிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பெயிண்ட் அடித்து எத்தனை நாளில் வேக்ஸ் போடலாம்?
– வாசகி, சேலம்

பதில்: குறைந்தது ஒரு மாதம் போகட்டும், உள்ளே இருக்கிற தின்னர் வெளியேற வேண்டும். அதுவரை வெறும் தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வண்டியை மூடி வைக்கிற பிளாஸ்டிக் கவரையும் அந்த ஒரு மாதம் போடாதீர்கள்.